கேப்ஸ் லாக் விளக்கு யார் பேச்சைக் கேட்குது?

(எபிசோடில் பேசியதை, வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தித் தந்திருக்கிறோம். கமாண்ட் பெயர்களை உச்சரிப்பபடியே எழுதியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு குட்டி விளக்கைப் பத்திப் பேசப் போறோம். உங்க கீபோர்டின் மூலையில், கேப்ஸ் லாக், நம் லாக், ஸ்க்ரோல் லாக்னு பக்கத்துல எழுதியிருக்குமே, அந்த விளக்குகள்.

லினக்ஸ் டெஸ்க்டாப் பயன்படுத்துறவங்க கிட்டயிருந்து எனக்கு அடிக்கடி வர்ற கேள்விகள் மூணு. ஒண்ணு: கேப்ஸ் லாக் விளக்கு எரியுது, ஆனா எழுத்து எல்லாம் சின்னதா வருது. ரெண்டு: விளக்கு எரியலை, ஆனா எல்லாம் பெரிய எழுத்து. மூணு: லாகின் திரையில் நம் லாக் ஆன்ல இருந்துச்சு, உள்ளே போனதும் ஆஃப் ஆயிடுச்சு.

சாதாரணமா டைப் பண்ணும்போது இது பெரிய விஷயமில்லை. தப்பு கண்ணுக்குத் தெரியும், அழிச்சுட்டு மறுபடி அடிப்போம். பாஸ்வேர்டு பெட்டியில் தான் சிக்கல். அங்கே நாம் பார்ப்பது வெறும் புள்ளிகள். என்ன அடிக்கிறோம்னு தெரிஞ்சுக்க இருக்கிற ஒரே சாட்சி அந்த விளக்கு. அந்தச் சாட்சியே தப்பாச் சொன்னா? மூணு தடவை தப்பா அடிச்சதும் கணக்கைப் பூட்டிடுற தளங்கள் நிறைய இருக்கு. அதனால் இந்த விளக்கு எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு தடவை ஒழுங்காப் புரிஞ்சுக்கலாம்.

விளக்கு கீயோடது இல்லை

முதல்ல ஒரு தப்பு எண்ணத்தை விட்டுடணும். கேப்ஸ் லாக் கீயை அழுத்தினா, அந்தக் கீயே விளக்கைப் போடுதுன்னு நாம நினைக்கிறோம், வீட்டுச் சுவரில் ஸ்விட்சைப் போட்டா பல்பு எரியற மாதிரி. சாதாரண பிசி கீபோர்டில் அப்படி ஒரு இணைப்பே கிடையாது.

நடக்கிறது இதுதான். நீங்க கீயை அழுத்துறீங்க. "இந்த எண்ணுள்ள கீ அழுத்தப்பட்டது" என்ற செய்தி மட்டும் கணினிக்குப் போகுது. கணினி தன் கணக்கில் கேப்ஸ் லாக்கை ஆன் பண்ணிக்குது. பிறகு, "சரி, இப்போ விளக்கைப் போடு"ன்னு கீபோர்டுக்குத் திரும்ப ஒரு செய்தி அனுப்புது. அதுக்குப் பிறகுதான் விளக்கு எரியுது. கீக்கும் விளக்குக்கும் நடுவில் முழுக் கணினியும் உட்கார்ந்திருக்கு.

1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் கீபோர்டில் இந்த விளக்குகளே இல்லை. அது கணினிக்குச் செய்தி அனுப்பும், அவ்வளவுதான். கேப்ஸ் லாக் ஆன்ல இருக்கான்னு டைப் பண்ணித்தான் பார்க்கணும். 1984-ல் வந்த பிசி ஏடி மாடலில் கணினியும் கீபோர்டுக்குச் செய்தி அனுப்பலாம்னு ஆச்சு. மூணு விளக்குகளும் அப்போதான் வந்துச்சு. இன்னைக்கு உங்க யுஎஸ்பி கீபோர்டிலும் அதே ஏற்பாடுதான். விளக்குகளுக்காகக் கணினி ஒரே ஒரு பைட் அனுப்பும். அதில் முதல் பிட் நம் லாக், ரெண்டாவது கேப்ஸ் லாக், மூணாவது ஸ்க்ரோல் லாக்.

எங்க ராமநாதபுரம் பக்கம் இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. புயல் காலத்தில் செய்தியில் கேட்டிருப்பீங்க: "பாம்பன் துறைமுகத்தில் ஒண்ணாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." அந்தக் கூண்டு காத்தை அளக்கிற கருவி இல்லை. வானிலை மையம் தகவல் கொடுக்குது, துறைமுகத்தில் கூண்டை ஏத்துறாங்க. இறக்கச் சொல்லித் தகவல் வர்ற வரைக்கும், கடல் குளம் மாதிரி கிடந்தாலும் கூண்டு மேலேதான் இருக்கும். உங்க கேப்ஸ் லாக் விளக்கும் அப்படி ஒரு கூண்டுதான். யாரோ ஏத்தச் சொன்னாங்க, ஏத்தியிருக்கு.

அப்போ அடுத்த கேள்வி: ஏத்தச் சொல்றது யார்? லினக்ஸில் சிக்கலே இங்கேதான். சொல்றதுக்கு ஒருத்தர் இல்லை, பல பேர்.

கணக்கு வைக்கிறவங்க எத்தனை பேர்?

கீழேயிருந்து மேலே போவோம். முதல்ல கர்னல். கர்னலுக்குள்ளே கன்சோல்னு ஒரு பகுதி. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினா ஒரு கறுப்புத் திரை வருமே, அது. இப்படிப் பல கன்சோல்கள் இருக்கு. ஒவ்வொண்ணும் தனக்குன்னு தனி கேப்ஸ் லாக், தனி நம் லாக் கணக்கு வெச்சிருக்கு. மூணாவது கன்சோலில் கேப்ஸ் போட்டுட்டு நாலாவதுக்குப் போனா, அங்கே கேப்ஸ் ஆஃப்ல இருக்கும். விளக்கும் மாறும். இது பிழை இல்லை, அப்படித்தான் கட்டியிருக்காங்க.

அதுக்கு மேலே வரைகலைத் திரை. பழைய முறையில் எக்ஸ் சர்வர், புதிய முறையில் வேலண்ட். க்னோம், கேடிஇ மாதிரி டெஸ்க்டாப் ஓடும்போது கன்சோலின் கணக்கு ஓரமாப் போயிடும். எக்ஸ் சர்வரோ வேலண்ட் காம்போசிட்டரோ தானே ஒரு கணக்கைத் தொடங்கி, தானே விளக்குக்கு உத்தரவு போடும்.

அதுக்கும் மேலே, உங்க லாகின் திரை ஒரு தனி அமர்வு. அதுக்கு ஒரு கணக்கு. விர்ச்சுவல் மெஷினோ ரிமோட் டெஸ்க்டாப்போ திறந்தா, அதுக்குள்ளே இருக்கிற இயங்குதளத்துக்கு இன்னொரு கணக்கு. தமிழ் அடிக்க ஐபஸ் மாதிரி உள்ளீட்டு மென்பொருள் வெச்சிருந்தா, எந்த மொழியில் இருக்கீங்கன்னு அது தனியா ஒரு கணக்கு வைக்கும்.

இத்தனை கணக்குப் பிள்ளைகள், ஆனா கூண்டு ஒண்ணே ஒண்ணு. கடைசியா யார் சொன்னாங்களோ, அவங்க சொன்னபடி அது நிற்கும்.

இதை லினக்ஸே ஒத்துக்குதுன்னு பார்க்க ஒரு கமாண்ட் இருக்கு: செட்லெட்ஸ். கன்சோலில் இதைச் சும்மா அடிச்சா மூணு வரி வரும். இயல்பு நிலை என்ன, இப்போதைய நிலை என்ன, விளக்குகள் என்ன. நிலையும் விளக்கும் தனித்தனி வரி. அதிலேயே மைனஸ் போட்டு பெரிய எல் கொடுத்தா, கேப்ஸ் நிலையைத் தொடாம விளக்கை மட்டும் மாத்தலாம். அதாவது, பொருந்தாத நிலையை நீங்களே வேணும்னே உருவாக்கலாம்!

பாம்பன் பாலத்தில் இருப்பதும் கீபோர்டில் இல்லாததும்

"சரி, விளக்கு சொன்னபடி எரிஞ்சா போதாதா?"ன்னு கேட்பீங்க. அதே பாம்பனில் இருந்து இன்னொரு விஷயம் பார்ப்போம்.

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காத்தின் வேகத்தை அளக்கும் கருவி வெச்சிருந்தாங்க. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா, சிக்னல் தானாச் சிவப்புக்குப் போயிடும். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் கப்பல் போக 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி அப்படியே செங்குத்தா மேலே ஏறும். அதை இயக்கும் அமைப்பை ரயில் கட்டுப்பாட்டு அமைப்போடு இன்டர்லாக் பண்ணியிருக்காங்க. ரயில்வே சிக்னலில் அடிப்படை விதி இது: "தண்டவாளத்தை மாத்துன்னு சொல்லியாச்சு" என்பதை நம்பிப் பச்சை விளக்கு எரியக் கூடாது. தண்டவாளம் நிஜமாவே மாறி, பூட்டிக்கிச்சுன்னு திரும்பித் தகவல் வந்த பிறகுதான் எரியணும். சந்தேகம் வந்தா சிவப்பு.

கீபோர்டு விளக்கில் இந்தத் திரும்பும் தகவல் இல்லை. பழைய பிஎஸ்2 கீபோர்டு, விளக்குக் கட்டளை வந்ததும் "கிடைச்சுது"ன்னு ஒரு பைட் திருப்பி அனுப்பும். கிடைச்சுதுன்னு அர்த்தம், எரியுதுன்னு அர்த்தம் இல்லை. எல்இடி எரிஞ்சு போயிருந்தாலும், கீபோர்டை நடுவில் பிடுங்கிச் செருகினாலும், விளக்கு இப்போ எப்படி இருக்குன்னு கணினி கேட்டுத் தெரிஞ்சுக்கிறது இல்லை. நான் சொன்னேன், அது கேட்டிருக்கும்னு நம்புது. இதனால்தான் சின்ன இடைஞ்சல் வந்தாலும் ரெண்டும் பிரிஞ்சு போயிடுது.

இப்போ நிஜத்தில் அதிகம் வர்ற கேஸ்களை ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

லாகினுக்கு முன்னே ஆன், பின்னே ஆஃப்

கணினியை ஆன் பண்ணும்போது பயாஸ் நம் லாக்கைப் போடும். பிறகு கர்னல், லாகின் திரை, உங்க டெஸ்க்டாப்னு நாலு கை மாறுது. ஒவ்வொரு மாற்றத்திலும் நிலை புதுசாத் தொடங்கலாம். பின் நம்பரை நம்பர் பேடில் அடிக்கிறவங்க இங்கேதான் மாட்டுவாங்க.

கேடிஇயில் கீபோர்டு அமைப்புக்குப் போனா, தொடங்கும்போது நம் லாக் ஆனா, ஆஃபா, இருப்பதை அப்படியே விடணுமான்னு கேட்கும். க்னோமில் கடைசி நம் லாக் நிலையை நினைவில் வைக்க ஒரு அமைப்பு இருக்கு. எக்ஸ் அமர்வுகளுக்கு நம்லாக்எக்ஸ்னு ஒரு சின்னக் கருவி உண்டு. ஆனா உங்க டெஸ்க்டாப்பில் மாத்தினா லாகின் திரையில் மாறிடாது. அது வேற கணக்கு, அதுக்குத் தனியா அமைக்கணும்.

கன்சோலில் எரியாத கேப்ஸ் லாக்

டெபியன் குடும்பத்தில் ரொம்ப நாள் இருந்த விநோதம் இது. கர்னலின் பழைய கேப்ஸ் லாக் ஆங்கிலத்துக்கும் சில ஐரோப்பிய எழுத்துக்களுக்கும்தான் சரியா வேலை செய்யும். யூனிகோட் கன்சோலில் மற்ற மொழிகளுக்கும் பெரிய எழுத்து வரணுமே? அதனால் கேப்ஸ் லாக் கீயை அழுத்தினா, உள்ளே கண்ட்ரோல் பேரில் இருக்கிற வேற ஒரு பூட்டு விழுற மாதிரி அமைச்சாங்க. எழுத்து பெரிசா வந்துச்சு. விளக்கு மட்டும் எரியலை. அது இன்னமும் பழைய கேப்ஸ் பூட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்துச்சு.

2015-ல் வந்த கர்னல் 4.2-ல் கீபோர்டு விளக்குகளைப் பொதுவான எல்இடி அமைப்புக்குள்ளே கொண்டு வந்தாங்க. அதுக்குப் பிறகு, எந்தப் பூட்டு எந்த விளக்கை இயக்கணும்னு நாமே சொல்ல முடியுது.

திறக்கவே முடியாத பூட்டு

கேப்ஸ் லாக் கீயை எஸ்கேப்பாவோ கண்ட்ரோலாவோ மாத்திக்கிறது புரோகிராமர்களுக்குப் பழக்கம். கேப்ஸ் ஆன்ல இருக்கும்போதே இந்த மாற்றத்தைச் செஞ்சா என்ன ஆகும்? பூட்டு பூட்டினபடியே நிற்கும். திறக்கிற கீ இப்போ எஸ்கேப் ஆயிடுச்சு. எத்தனை தடவை அழுத்தினாலும் ஆஃப் ஆகாது.

எக்ஸ் அமர்வில் வழி சுலபம். செட்எக்ஸ்கேபிமேப் கமாண்டில் ஆப்ஷனைக் காலியா விட்டு பழைய நிலைக்கு வாங்க, கேப்ஸ் லாக்கை ஒரு தடவை அழுத்துங்க, மறுபடி மாத்திக்கோங்க. எக்ஸ்டூடூல் இருந்தா, கேப்ஸ் லாக் அழுத்தின மாதிரி அதை விட்டே அனுப்பலாம்.

எழுத்து எண் ஆன கதை

ராமேஸ்வரத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கடையில் வேலை பார்க்கிற ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. கடையில் இருந்தது பழைய இலவச லேப்டாப். தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி ஒரு மெஷினில், பிறகு வேற லினக்ஸ் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தாங்க.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண்ணெல்லாம் வேகமா அடிக்க, நம்பர் பேடோடு ஒரு யுஎஸ்பி கீபோர்டு செருகி நம் லாக் போட்டிருக்காங்க. ஒரு மீனவர் வீட்டுப் பொண்ணுக்கு உதவித்தொகை விண்ணப்பம், கடைசி நாள். பாஸ்வேர்டை அந்தப் பொண்ணே லேப்டாப் கீபோர்டில் அடிச்சிருக்கு. மூணு தடவையும் தப்பு. கணக்கு பூட்டிக்கிச்சு.

காரணம் இது. பழைய சிறிய லேப்டாப்களில் சிலவற்றில், ஜே, கே, எல், யூ, ஐ, ஓ கீகளுக்குள்ளே ஒரு நம்பர் பேட் ஒளிஞ்சிருக்கும். நம் லாக் விளக்கைப் போடச் சொல்லிக் கணினி அனுப்புற உத்தரவைப் பார்த்துத்தான் அது விழிக்கும். யுஎஸ்பி கீபோர்டில் போட்ட நம் லாக்குக்கான விளக்கு உத்தரவு லேப்டாப் கீபோர்டுக்கும் போயிருக்கு. ஜே அடிச்சா 1, கே அடிச்சா 2, எல் அடிச்சா 3. ஒரு கீபோர்டில் விளக்கு, இன்னொரு கீபோர்டில் விளைவு. திரையில் வெறும் புள்ளிகள்.

வேகமா அடிக்கிறவங்களுக்கு

நம்ம ஊரில் ஷிஃப்டுக்குப் பதிலா கேப்ஸ் லாக்கைப் போட்டு, ஒரு எழுத்து அடிச்சு, மறுபடி கேப்ஸை அழுத்துற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வந்ததும் ராமநாதபுரம்னு ஆங்கிலத்தில் அடிச்சா, முதல் ரெண்டு எழுத்துமே பெரிசா வருதுன்னு புலம்புவாங்க. கீபோர்டு கெட்டுப்போகலை. லினக்ஸின் எக்ஸ்கேபி முறையில் கேப்ஸ் லாக் அழுத்தினதும் ஆன் ஆகும். ஆனா ஆஃப் ஆகிறது, ரெண்டாவது தடவை அழுத்தி விரலை எடுக்கும்போதுதான். விரல் எடுக்கிறதுக்குள்ளே அடுத்த எழுத்தை அடிச்சா அதுவும் பெரிசு. இங்கே விளக்கும் நிலையும் ஒத்துப்போகுது, நம்ம விரல்தான் முந்திக்குது.

தமிழ் அடிக்கும்போது இன்னும் கொஞ்சம் வம்பு

ஆங்கிலத்தில் கேப்ஸ் ஆன்ல இருந்தா எழுத்து பெரிசாகும், சொல் மாறாது. தமிழில் சொல்லே மாறும். ஃபொனெட்டிக் முறையில் சின்ன எல் ல, பெரிய எல் ள. சின்ன ஆர் ர, பெரிய ஆர் ற. பள்ளி, பல்லி ஆகிறதுக்கும், கரை, கறை ஆகிறதுக்கும் நடுவில் இருக்கிறது ஒரு ஷிஃப்ட்தான். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ஆ இருக்கும் கீயை ஷிஃப்டோடு அழுத்தினா ஸ வரும். கேப்ஸ் ஆன்ல இருந்தா ஆடு மேயப் போகாது, ஸடுதான் போகும்.

இதைவிட முக்கியமா நமக்குத் தெரிய வேண்டியது, இப்போ தமிழில் இருக்கோமா ஆங்கிலத்தில் இருக்கோமா என்பது. அதுக்குக் கீபோர்டில் விளக்கே இல்லை. ஆனா யாரும் பயன்படுத்தாத ஸ்க்ரோல் லாக் விளக்கு ஒண்ணு சும்மா இருக்கே! எக்ஸ்கேபியில் "மாற்று லேஅவுட் இருக்கும்போது விளக்கு எரியட்டும்"னு ஒரு ஆப்ஷன் உண்டு. ஸ்க்ரோல் லாக் விளக்கைத் தேர்ந்தெடுத்தா, தமிழுக்கு மாறினதும் அது எரியும். தமிழை லேஅவுட்டாகவே சேர்த்திருந்தாத்தான் இது நடக்கும். ஐபஸ் வழியா அடிச்சா மொழிக் கணக்கு ஐபஸ் கையில், விளக்குக்குத் தகவல் போகாது. இன்னொண்ணு: இதே ஆப்ஷனில் யாராவது கேப்ஸ் லாக் விளக்கைத் தேர்ந்தெடுத்திருந்தா, அது கேப்ஸைக் காட்டாது, மொழியைக் காட்டும். பழைய மெஷின் வாங்கினவங்க இதைப் பார்த்துக்கோங்க.

சந்தேகம் வந்தா என்ன செய்யணும்?

வரிசையாச் சொல்றேன்.

1. பாஸ்வேர்டு அடிக்கிறதுக்கு முன்னே, பக்கத்தில் இருக்கிற பயனர் பெயர் பெட்டியில் நாலு எழுத்து, நாலு எண் அடிச்சுப் பாருங்க. கண் ஐகான் இருந்தா அதைத் தட்டிப் பாருங்க.

2. லாக் திரையில் "கேப்ஸ் லாக் ஆன்ல இருக்கு"ன்னு எச்சரிக்கை வந்தா, விளக்கை விட்டுட்டு அதை நம்புங்க. அது கணக்கு வைக்கிறவர் நேரடியாச் சொல்றது. கேடிஇயில் பூட்டு நிலையைக் காட்டும் விட்ஜெட்டையும் பேனலில் வெச்சுக்கலாம்.

3. எக்ஸ் அமர்வில் எக்ஸ்செட் கியூ அடிச்சா, கேப்ஸ், நம், ஸ்க்ரோல் மூணும் ஆனா ஆஃபான்னு வரும். வேலண்டில் இந்தப் பதிலை முழுசா நம்பாதீங்க.

4. விர்ச்சுவல் மெஷினிலோ ரிமோட் திரையிலோ தலைகீழா வந்தா, வெளியே வந்து ஒரு தடவை கேப்ஸை மாத்திட்டு உள்ளே போங்க. ரெண்டு கணக்கும் ஒண்ணாகும்.

5. எல்லாம் சரியா இருந்தும் விளக்கு எரியலைன்னா, சிஸ் என்ற கோப்புறையில் கிளாஸ், அதில் லெட்ஸ்னு போங்க. கேப்ஸ்லாக்னு முடியுற பெயருக்குள்ளே பிரைட்னஸ்னு ஒரு கோப்பு இருக்கும். ரூட் அனுமதியோடு அதில் 1 எழுதுங்க. அப்பவும் எரியலைன்னா, பெரும்பாலும் மென்பொருள் நிரபராதி. உப்புக் காத்து அடிக்கிற ஊரில் கீபோர்டுக்குள்ளே துரு ஏறுறது புதுசில்லை. வேற கீபோர்டு செருகிப் பாருங்க.

மொத்தத்தில் ஒரே ஒரு விஷயம் மனசில் இருந்தா போதும். விளக்கு காட்டுறது நிலையை இல்லை, நிலையைப் பத்தி யாரோ கடைசியா அனுப்பின தகவலை. முரண்பாடு வந்தா கீயைத் திரும்பத் திரும்பத் தட்டாம, "இப்போ யார் கணக்கைக் கேட்கிறேன்?"னு யோசிங்க. பாதி நேரம் விடை அங்கேயே கிடைச்சுடும்.

உங்க மெஷினில் வேற விதமாக் குழப்பம் நடக்குதுன்னா, எந்த டெஸ்க்டாப், எக்ஸா வேலண்டா, எத்தனை கீபோர்டு செருகியிருக்கீங்கன்னு சேர்த்து எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.